அடுப்படியில் நின்ற ஸ்வரம்

என் சம்சாரம் விருத்தாம்பாளை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு புதன்கிழமை மாலை, ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டின் மூன்றாவது கட்டிலில், பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது என்று ஆயா வந்து சொல்லிவிட்டுப் போன பிறகு. சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தாள். பாதியை என் கையில் வைத்து, "அஞ்சு பத்து பாசஞ்சர விட்டுடாதீங்க, பருப்பு டப்பா மூடிய அழுத்தி மூடுங்க, எறும்பு வருது" என்றாள். நான் தலையாட்டினேன். அவளிடம் பேச எனக்கு வாய் வேண்டியதில்லை, தலையும் கையும் போதும். மறுநாள் காலை நான் போய்ச் சேர்வதற்குள் கட்டிலில் வேறு விரிப்பு போட்டிருந்தார்கள். அது எண்பத்தெட்டாம் வருஷம். நான் எழுத உட்கார்ந்தது அதைப் பற்றி அல்ல, அதற்குப் பதினேழு வருஷம் முன்னால் எங்கள் வீட்டு அடுப்படியில் நின்றுபோன ஒரு ஸ்வரத்தைப் பற்றி.

நான் அரக்கோணத்தில் ரயில்வேயில் கீமேனாக இருந்தேன். கீமேன் என்பவன் தினமும் காலையில் ஆறு கிலோமீட்டர் தண்டவாளத்தோடு நடந்து, தண்டவாளத்தை ஸ்லீப்பர் கட்டையோடு பிடித்திருக்கும் இரும்புச் சாவிகளைச் சுத்தியலால் தட்டிப் பார்த்து, தளர்ந்ததை அடித்து இறுக்கிவிட்டு, அதே ஆறு கிலோமீட்டர் திரும்பி வருகிறவன். இறுகிய சாவிக்கு ஒரு சத்தம், தளர்ந்ததற்கு ஒரு சத்தம். எனக்குச் சங்கீதம் வந்தது அந்த வழியாகத்தான், வாத்தியார் என்று யாரும் கிடையாது. கலைந்துபோன ஒரு பாண்டு செட்டிலிருந்து கிளாரினெட் ஒன்று கைக்கு வந்தது. இருபத்தோரு வயதிலிருந்து அதை ஊதி ஊதி, எந்த ஓட்டையை மூடினால் எந்தச் சத்தம் வரும் என்று நானே கண்டுபிடித்து, ரயில்வே இன்ஸ்டிடியூட் ஆண்டு விழாவிலும் தேவாலயக் கிறிஸ்துமஸிலும் மாரியம்மன் கோயில் தேரிலும் ஊதுகிற ஆளாக ஆகியிருந்தேன்.

விருத்தாம்பாளுக்குக் காது கேட்காது. கல்யாணம் ஆகி வரும்போது கேட்டது. ஆறாம் வருஷம் நெஞ்சு வியாதி வந்து தொண்ணூறு ஊசி போட்டார்கள், அந்த ஊசி உயிரைக் கொடுத்துவிட்டுக் காதை எடுத்துக்கொண்டது. முதலில் குருவி போனது, பிறகு பால்காரன் மணி, பிறகு என் கிளாரினெட், கடைசியாக மெயில் வண்டியின் விசில். ஒவ்வொன்றாகப் போனதை அவள் ஊருக்குப் போனவர்களைச் சொல்வது போலச் சொல்வாள். அதன் பிறகு நான் அவளுக்கு முன்னால் ஊத மாட்டேன், அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஊத என்னால் முடியவில்லை. ஆனால் அவளே கதவுக்கு எதிரே என்னைப் பிடித்து உட்கார வைத்து, "ஊதுங்க, வெரலாவது பாக்கறேன்" என்பாள்.

எழுபத்தொன்றில், ஆடி மாதம், தேவகடாட்சம் வந்து சொன்னான். அவன் எங்கள் ஊர் தேவாலயத் தெருக்காரன், தினமும் காலை லோக்கலில் சென்னைக்குப் போய் சினிமாப் பாட்டுகளுக்கு ஃபிடில் வாசித்துவிட்டு வருகிறவன். ஒரு பாட்டின் நடுவில் எட்டு பார் கிளாரினெட் வருகிறது, பார் என்றால் நாலு தட்டு, வாசிக்க வேண்டிய ஆள் படுத்துவிட்டார், மியூசிக் மாஸ்டரிடம் உன் பெயரைச் சொல்லியிருக்கிறேன், பதினேழு நாள் இருக்கிறது என்றான். அந்த எட்டு பாரை வெள்ளைக்காரப் புள்ளிகளாக எழுதிக் கொண்டுவந்திருந்தான். எனக்கு அது எறும்பு வரிசை மாதிரி இருந்தது. காலண்டர் தாளின் பின்பக்கம் சரிகமவில் எழுதிக் கொடுத்தான்.

"ஒரே டேக்ல எல்லாரும் சேர்ந்து வாசிக்கணும், தணிகாசலம். நீ தப்பு பண்ணினா முப்பது பேரும் மொதல்லேருந்து வாசிக்கணும். அவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. பாப்பாங்க. அது போதும், செத்துடலாம்."

"பயமுறுத்தாதடா" என்றேன்.

"பயந்துக்கோ. நல்லது."

எனக்கு அப்போது நாற்பத்தோரு வயது. இருபது வருஷமாக ஊதியது எல்லாம் காற்றோடு போனது. ஒன்றாவது ஓர் இசைத்தட்டில் பதிந்து நிற்கும் என்ற நினைப்பு என்னை அந்தப் பதினேழு நாளும் தரையில் நடக்க விடவில்லை.

அதற்காக நான் தயார் செய்துகொண்ட விதம் இது. காலையில் லைனுக்குப் போகும்போது கிளாரினெட்டின் நாணல் பட்டையை, அதாவது ரீடை, வாயில் ஊற வைத்துக்கொண்டே போவேன். என் பங்கு வருவதற்கு முன்னால் நாற்பத்தாறு பார் சும்மா காத்திருக்க வேண்டும், அதாவது நூற்றெண்பத்து நாலு தட்டு, அதை எண்ணுவதில்தான் புது ஆட்கள் எல்லாம் மாட்டிக்கொள்வார்கள் என்று தேவகடாட்சம் சொல்லியிருந்தான். நான் ஹோம் சிக்னலிலிருந்து சின்னப் பாலம் வரைக்கும் ஸ்லீப்பரை எண்ணிப் பார்த்தேன், நூற்றெண்பத்தொன்று இருந்தது, பாலத்தின் மேல் மூன்றைச் சேர்த்துக்கொண்டேன். ஒரு கட்டைக்கு ஒரு தட்டு. மூன்றாம் நாளுக்குள் கண்ணை மூடினால் அந்தக் கட்டைகள் என் காலுக்குக் கீழே ஓடின, எந்தக் கட்டையில் விரிசல், எதில் எண்ணெய்க் கறை என்று பார்த்துக்கொண்டே பாலத்துக்குப் போய்ச் சேர்ந்து வாயில் கிளாரினெட்டை வைப்பேன். சாயங்காலம் அடுப்படியில் நின்று வாசிப்பேன், ரெண்டு பக்கச் சுவரும் நெருங்கியிருப்பதால் தப்பு அங்கே உடனே தெரியும்.

ஐந்தாம் நாள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எட்டாவது பாரின் கடைசியில் வருகிற 'த'வை, தைவதத்தை, புது ரீடு எவ்வளவு தாங்குகிறது என்று பார்ப்பதற்காக நீட்டிப் பிடித்து, மூச்சு தீர்ந்ததும் வாயை எடுத்தேன். ஸ்வரம் நிற்கவில்லை, அதாவது போகவில்லை. அம்மிக்கும் ஜன்னலுக்கும் நடுவில், விருத்தாம்பாளின் நெற்றி உயரத்தில், விட்ட இடத்திலேயே இருந்தது. நான் கிளாரினெட்டைப் பிரித்துத் துணியால் துடைத்துப் பெட்டியில் வைத்தேன், இருந்தது. கை கழுவிச் சாப்பிட உட்கார்ந்தேன், இருந்தது. மோர் ஊற்றிக்கொண்டபோது பக்கத்து வீட்டு லில்லிபுஷ்பம், எஞ்சின் ஃபயர்மேன் சம்சாரம், ஜன்னலில் தலையை நீட்டினாள்.

"ஏன் அண்ணே, சாப்பிடறீங்க, அங்க யாரு ஊதறது?"

"யாருமில்லம்மா. நின்னுக்கிச்சு."

"ஊதிட்டு மூட மறந்துட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல், அக்கா எங்கே என்று விருத்தாம்பாளைத் தேடினாள்.

விருத்தாம்பாள் கொல்லைக் குழாயிலிருந்து தண்ணீர்க் குடத்தோடு உள்ளே வந்தாள். அடுப்படி வாசற்படி தாண்டி நாலு அடி வைத்தவள் நின்றுவிட்டாள். குடத்தை மெதுவாகக் கீழே இறக்கினாள். எதிரே ஒன்றும் இல்லாத இடத்தில் நெற்றியைச் சாய்த்து, மாட்டின் நெற்றியோடு நெற்றி வைப்பது போல வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, ரொம்ப நேரம் இருந்தாள்.

"கேக்குது" என்றாள் விருத்தாம்பாள். "இது ஒண்ணு மட்டும் கேக்குது."

அவ்வளவுதான். பிறகு உலை வைத்தாள்.

ரயில்வே குவார்ட்டர்ஸில் ஒரு வீட்டில் நடந்தது நாற்பது வீட்டிலும் நடந்த மாதிரிதான். சாயங்காலத்துக்குள் எல்லோரும் வந்து பார்த்தார்கள், பார்க்க ஒன்றுமில்லை என்றாலும் பார்த்தார்கள். அதற்கு 'நின்னது' என்று பெயர் வைத்தார்கள். "நின்னது எப்படி இருக்கு?" என்று என்னைக் கேட்டார்கள், உடம்பு சரியில்லாத மாமியாரை விசாரிப்பது போல. வயிற்று வலியில் கத்துகிற குழந்தைகளைக் கொண்டுவந்து அதன் கீழே படுக்க வைத்தார்கள், குழந்தைகள் சிறிது நேரம் அந்தச் சத்தத்தோடு சேர்ந்து அழுது, பிறகு அழுகையை அதனிடமே விட்டுவிட்டுத் தூங்கின. தேவாலய ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு வந்து ஒரு கட்டையை அதற்குச் சரிபார்த்துக்கொண்டு போனார்கள், மாரியம்மன் கோயில் பம்பைக்காரர் வந்து, "நம்ம வாத்தியத்துக்கு இது ஒத்துவராது" என்று குறை சொல்லிவிட்டுக் காபி குடித்துவிட்டுப் போனார். அலமாரியிலிருந்த எவர்சில்வர் டம்ளர்கள் அதோடு சேர்ந்து மெல்லப் பாடின, விருத்தாம்பாள் எது பாடுகிறது என்று விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்து, பாடுகிறதை முன் வரிசையிலும் பாடாததைப் பின் வரிசையிலும் அடுக்கினாள். ஒரு பூனை வந்து அதற்கு நேர் கீழே படுத்தது, அதற்குப் பிறகு அந்தப் பூனை எங்கள் பூனை ஆகிவிட்டது.

பாதை இன்ஸ்பெக்டர் ஜகதீச ராவ் புதன்கிழமை வந்தார்.

"தணிகாசலம், குவார்ட்டர்ஸ் சுவத்துல ஒரு ஆணி அடிக்கவே பர்மிஷன் வேணும். இது என்னய்யா?"

"நான் அடிக்கலைங்க சார். அதுவா நின்னுக்கிச்சு."

"சத்தம் எலெக்ட்ரிக்கல் டிபார்ட்மென்ட்டோடதா இருக்கும்" என்றார். எலெக்ட்ரிக்கல் ஆட்கள் வந்து ஃபியூஸைப் பிடுங்கிப் பார்த்து, கரண்டில் வரவில்லை, சிக்னல் டிபார்ட்மென்ட் என்றார்கள். சிக்னல் ஆட்கள் வந்து, எங்கள் சத்தம் எல்லாம் விட்டு விட்டுத்தான் வரும், இப்படி நிற்காது என்றார்கள். ராவ் தொப்பியைக் கழற்றி, நின்னதுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் தலையைக் குனிந்து நின்றார், அவர் சம்சாரம் இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. போகும்போது, "யாராச்சும் கேட்டா எங்கிட்ட சொன்னேன்னு சொல்லு" என்றார்.

இதற்கிடையில் எனக்கு மட்டும் ஒரு சங்கடம் வந்துவிட்டது. திங்கட்கிழமையிலிருந்து கிளாரினெட்டில் தைவதம் இல்லை. விரல் சரி, ரீடு சரி, ஊதினால் அந்த ஒரு இடத்தில் வெறும் மூச்சு வந்தது. இன்ஸ்டிடியூட்டில் இருந்த இன்னொரு கிளாரினெட்டை வாங்கி ஊதினேன், அதிலும் இல்லை. வாயால் சீட்டி அடித்தேன், படிக்கட்டில் ஒரு படி இல்லாதது போல அந்த இடத்தில் கால் உள்ளே போனது. மற்றவர்கள் யார் ஊதினாலும் வந்தது. என்னுடையது மட்டும் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தது. அந்த எட்டு பாரில் அது ஏழு இடத்தில் வருகிறது.

தேவகடாட்சம் வந்து கேட்டான், முகம் வெளுத்துவிட்டது. "ஆறு நாள்தான் இருக்கு. வேற ஆள சொல்லட்டுமா?"

"வேணாம்" என்றேன். அதைச் சொன்ன குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

அன்று சாயங்காலம் குவார்ட்டர்ஸே எங்கள் வீட்டுக்குள் கூடி யோசித்தது. நின்னதை எப்படிச் சென்னைக்குக் கொண்டுபோவது என்பதுதான் யோசனை, கொண்டுபோக முடியுமா என்று யாரும் கேட்கவில்லை. கேங்மேன் பெரியதம்பி சைக்கிள் ட்யூபில் ஏற்றலாம் என்றான். கார்டு விளக்கு வைக்கிற தகரப் பெட்டி என்றார் ஒருவர். "தகரத்துல வெச்சா துருப்பிடிக்கும், நீங்கள்லாம் சமையலறைக்குள்ள வந்திருக்கீங்களா எப்பவாச்சும்?" என்று லில்லிபுஷ்பம் சொல்லிவிட்டு, எங்கள் பீங்கான் ஊறுகாய் ஜாடியை எடுத்து, நின்னதின் கீழே கொண்டுபோய் மெல்லத் தூக்கினாள். சத்தம் கிணற்றுக்குள் இறங்குவது போல ஜாடிக்குள் இறங்கியது. அவள் மூடியைப் போட்டாள். வீடு அமைதியானது. எல்லோரும் கை தட்டினார்கள்.

விருத்தாம்பாள் அடுப்புப் பக்கம் திரும்பிப் பருப்பு கிண்டிக்கொண்டிருந்தாள். கரண்டியோடு திரும்பினாள். கை தட்டுகிற கைகளைப் பார்த்தாள், எங்கள் முகங்களைப் பார்த்தாள், அந்த இடத்தைப் பார்த்தாள். யாரோ முகத்துக்கு நேரே கதவைச் சாத்திய மாதிரி இருந்தது அவள் நின்றது.

"எங்க?" என்றாள்.

லில்லிபுஷ்பம் உடனே மூடியைத் திறந்து ஜாடியை இறக்கினாள், நின்னது பழைய இடத்தில் நின்றது. ஒவ்வொருவராக வீட்டுக்குப் போனார்கள்.

எதற்காக ஜாடி என்று அவள் என்னைக் கேட்டாள். நான் சிலேட்டில் எழுதிக் காட்டினேன். அவள் படித்துவிட்டு, ஊறுகாய் ஜாடியைப் புளி போட்டுத் தேய்த்து, வெந்நீரில் கழுவி, கொல்லையில் கவிழ்த்து வெயிலில் காய வைத்து, என் பழைய பனியனில் சுற்றி வாசல் பக்கம் தயாராக வைத்தாள். ரெண்டு நாள் அது அங்கேயே இருந்தது. அந்த ரெண்டு நாளும் அவள் வேலை இல்லாத நேரமெல்லாம் அடுப்படியில், நெற்றியைச் சாய்த்துக்கொண்டு, சாயங்காலம் கிளம்பப் போகிற உறவுக்காரியோடு உட்கார்ந்திருப்பது போல இருந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை லைனிலிருந்து திரும்பியதும் நான் அவள் எதிரே உட்கார்ந்து, சிலேட்டில், 'வந்துவிட்டது. ஜாடி வேண்டாம்' என்று எழுதினேன்.

"நெஜமாவா?"

கிளாரினெட்டைப் பூட்டி, அவள் பார்க்க, எட்டு பாரையும் வாசித்தேன். ஜன்னலில் லில்லிபுஷ்பம், பெரியதம்பி, இன்னும் நாலைந்து பேர் வந்து நின்றார்கள். ஏழு இடத்திலும் விரலைச் சரியாக வைத்து, கன்னத்தைச் சரியாக உப்பி, வெறும் மூச்சை விட்டேன். விருத்தாம்பாள் என் விரலைப் பார்த்தாள், பிறகு என்னை நம்பாமல் திரும்பி ஜன்னலைப் பார்த்தாள். அங்கே நின்ற எல்லோருக்கும் காது நன்றாகக் கேட்கும். அவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். பெரியதம்பி ரெண்டு கையையும் தூக்கி, "வந்துடுச்சு, வந்துடுச்சு" என்று வாயை அகலமாகத் திறந்து சொன்னான். லில்லிபுஷ்பம் மட்டும் முந்தானையைத் திருகிக்கொண்டு கொஞ்சம் தாமதமாகத் தலையாட்டினாள்.

ஜாடி பழையபடி பரணுக்குப் போனது.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஸ்டுடியோவில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். சுவரெல்லாம் தேங்காய் நார்ப் பாயும் துணியும் அடித்திருந்தது, பேசினால் வார்த்தை வாயிலிருந்து விழுந்து அங்கேயே கிடந்தது. குளிரில் ரீடு காய்ந்தது, வாயிலேயே வைத்துக்கொண்டேன். பதினாறு ஃபிடில், அதில் மூன்றாவது வரிசையில் தேவகடாட்சம், என்னைப் பார்க்காமல் இருந்தான். பாடுகிறவர் கண்ணாடி அறையில். மாஸ்டர் சின்ன உருவம், கையில் ஒரு பென்சில். ஒத்திகை என்றார், கையைத் தூக்கினார். நான் ஹோம் சிக்னலில் காலை வைத்தேன். விரிசல் கட்டை, எண்ணெய்க் கறைக் கட்டை, வேப்பம்பழம் விழுந்து கிடக்கிற கட்டை, ஒவ்வொன்றாகக் கடந்து பாலத்தில் மூன்றாவது கட்டையை மிதித்தபோது மாஸ்டரின் பென்சில் என் பக்கம் திரும்பியது. சரியாக எடுத்தேன். முதல் தைவதம் வர வேண்டிய இடத்தில் மூச்சு வந்தது. இரண்டாவதிலும். மாஸ்டர் கையை இறக்கினார். முப்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். தேவகடாட்சம் சொன்னது சரிதான், யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

"கிளாரினெட், தைவதம் எங்க?"

பொய் சொல்ல ஒன்றும் தோன்றவில்லை. "வீட்ல இருக்குது மாஸ்டர்."

"வீட்ல யார்கிட்ட?"

"என் சம்சாரத்துகிட்ட."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவங்களுக்கு அது வேணுமா?"

"வேணும் மாஸ்டர். அவங்களுக்குக் காது கேக்காது. அது ஒண்ணுதான் கேக்குது."

மாஸ்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு, அந்த ஏழு இடத்தில் மட்டும் ஒரு ஃபிடிலைப் போடச் சொல்லிக் கேட்டுப் பார்த்தார். முடிந்ததும் உதட்டைப் பிதுக்கினார். "வேணாம். அடுத்தவன் சட்டை மாதிரி இருக்கு. காலியா விடு."

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒலிப்பதிவாளர் ஸ்பீக்கரில் பேசினார். "மாஸ்டர், காலி எடத்துல மூச்சு விழுது."

"விழட்டும்யா. அவன் மூச்சுதானே."

சிவப்பு விளக்கு எரிந்தது. மறுபடி ஹோம் சிக்னலிலிருந்து நடந்தேன். ஒரே டேக்கில் முடிந்தது.

வெளியே வந்து செருப்பு போடும்போது மாஸ்டர் பின்னாலேயே வந்தார். "உன் டைமிங் எனக்குப் புடிச்சிருக்கு. அடுத்த மாசம் ரெண்டு பாட்டு இருக்கு, பெரிய பிட்டு. அதுக்குள்ள அத எடுத்துட்டு வர முடியுமா?"

"முடியாது மாஸ்டர்."

"செரி" என்றார். கோபம் இல்லை. அதற்குப் பிறகு எனக்கு எந்த ஸ்டுடியோவிலிருந்தும் ஆள் வரவில்லை, வரும் என்று நான் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு வருஷம் மட்டும்தான்.

கார்த்திகையில் ஒரு ஞாயிறு மத்தியானம் அந்தப் பாட்டு ரேடியோவில் வந்தது. லில்லிபுஷ்பம் வீட்டில்தான் பெரிய ரேடியோ, மரப் பெட்டி. எல்லோரும் அங்கே கூடினார்கள். விருத்தாம்பாளை யாரும் கூப்பிடவில்லை, வேண்டுமென்றுதான். ஆனால் நாற்பது வீட்டுப் பொம்பளைகளும் ஒரே வீட்டுக்குள் போவதைப் பார்க்கிறவளுக்குக் காது எதற்கு? ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள். கூட்டம் விலகியது. அவள் ரேடியோவின் மரத்தின் மேல் வலது உள்ளங்கையைப் பதித்தாள். பாட்டு போனது, ஃபிடில் போனது, என் கிளாரினெட் வந்தது. அவள் என் விரலை இருபது வருஷம் பார்த்தவள், எந்த விரலுக்குப் பிறகு எந்த விரல் என்று அவளுக்குத் தெரியும். இடது கையில் ஒவ்வொரு விரலாக மடக்கினாள். ஐந்து விரலும் மடங்கி, மறுபடி ரெண்டு விரல் மடங்கியதும், கையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

நான் பின்னால் போனேன்.

"ஏழு எடத்துல ஒண்ணுமில்ல" என்றாள். "ஊரே சேந்து தலையாட்டிச்சே."

அவள் பரண் மேலிருந்து ஜாடியை இறக்கி, பனியனை அவிழ்த்து, அடுப்படிக்குப் போய் நின்னதை அதற்குள் இறக்கி மூடி, என் கையில் கொடுத்தாள்.

"எடுத்துக்கிட்டுப் போயி அந்த ஏழு எடத்துலயும் வெச்சிட்டு வாங்க."

நான் சிலேட்டை எடுத்து, 'இசைத்தட்டு அடித்துவிட்டார்கள். இனி திறக்காது' என்று எழுதினேன். அவள் அதைப் படித்தாள். முந்தானையால் அழித்தாள். மறுபடி எழுதச் சொல்லி, மறுபடி படித்தாள். பிறகு என் கையிலிருந்த ஜாடியை அவளே வாங்கி, மூடியைத் திறந்து, நின்னதை விட்டாள். மூன்று நாள் அவள் யாரோடும் பேசவில்லை. அடுப்படியில் நின்றாலும் நெற்றியைச் சாய்க்கவில்லை, அதைச் சுற்றிக்கொண்டு போனாள்.

லில்லிபுஷ்பம் மட்டும் வந்து பார்த்தாள். "அக்கா, எனக்கு அன்னிக்கு லேசா கேட்ட மாதிரிதான் இருந்துச்சு, சத்தியமா" என்று நிறுத்தி நிறுத்தி உதட்டைக் காட்டினாள்.

"நீ சத்தியம் பண்ணாத. உன் வீட்டுல சோறு வேகாது" என்றாள் விருத்தாம்பாள். அது அந்த மூன்று நாளில் அவள் பேசிய ஒரே பேச்சு.

நாலாம் நாள் காலை நான் டிபன் கேரியரை எடுக்கப் போனபோது என்னைக் கையைப் பிடித்து நிறுத்தினாள். கிளாரினெட்டைப் பெட்டியிலிருந்து அவளே எடுத்து வந்திருந்தாள், மாற்றிப் பூட்டியிருந்தாள், நான் சரியாகப் பூட்டினேன். அடுப்படியில் என்னை நிற்க வைத்து, நின்னதின் மேல் நெற்றியைச் சாய்த்து, கிளாரினெட்டின் நடுவில், என் விரல்களுக்குக் கீழே, உள்ளங்கையை வைத்தாள்.

"ஊதுங்க."

எனக்கு அப்போதும் புரியவில்லை, ஊத ஆரம்பித்த பிறகுதான் புரிந்தது. நான் வாசித்த ஸ்வரங்கள் மரத்தின் வழியாக அவள் கைக்குப் போயின. என்னிடம் இல்லாத ஸ்வரம் வர வேண்டிய இடம் வந்தபோது நான் மூச்சை மட்டும் விட்டேன், அந்த மூச்சுக்குள் நின்னது இருந்தது, எப்போதும் போல, எங்கும் போகாமல். மற்ற இடங்களிலும் அது இருந்தது, தம்பூரா மாதிரி பின்னால் இருந்தது, ஆனால் அந்த ஏழு இடத்தில் மட்டும் முன்னால் வந்தது. ஜன்னலில் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள், ஒருவரும் தலையாட்டவில்லை. கடைசி தைவதம் நாலு தட்டு நீள வேண்டும், நான் நாலு தட்டோடு மூச்சை நிறுத்தினேன், அவள் நெற்றியை எடுக்காமல் அங்கேயே இருந்தாள், உள்ளங்கை கிளாரினெட்டின் மேலேயே இருந்தது.

"இப்ப நெறஞ்சுது" என்றாள். "எங்க போயி நின்னு யாரு கேட்டாலும் ஏழு கொறையும். எனக்கு மட்டும் கொறையல."

"அக்காவுக்குக் கொழுப்பப் பாரு" என்றாள் லில்லிபுஷ்பம் ஜன்னலிலிருந்து. விருத்தாம்பாள் அவள் உதட்டைப் பார்த்துச் சிரித்தாள். நான் அன்றைக்கு லைனுக்கு அரை மணி நேரம் தாமதமாகப் போனேன், ராவ் ஒன்றும் கேட்கவில்லை.

அதற்கப்புறம் பதினேழு வருஷத்தில் அந்த எட்டு பாரை எத்தனை முறை வாசித்திருப்பேன் என்று தெரியாது. கறி வெந்துகொண்டிருக்கும்போதும், மழை பெய்து ஜன்னலைச் சாத்தியிருக்கும்போதும், அவளுக்குக் காய்ச்சல் என்று பாயை அடுப்படியில் போட்டுப் படுத்திருந்தபோதும் வாசித்தேன். ஜாடியில் மறுபடி எலுமிச்சங்காய் போட்டாள். பூனை செத்து வேறு பூனை வந்தது. தேவகடாட்சம் சென்னைக்கே குடிபோய்விட்டான்.

நான் தொண்ணூறில் ரிட்டயர் ஆனேன், ரெண்டு மாதத்தில் வீட்டைக் காலி செய்ய வேண்டும். பாத்திரங்கள், சிலேட்டு, கிளாரினெட்டு எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றினேன். நின்னதை எடுத்துக்கொள்ளவில்லை. அது என் வாய்க்குத் திரும்பி வரவும் இல்லை, இன்றைக்கும் நான் ஊதினால் அந்த இடத்தில் மூச்சுதான்.

அந்த வீட்டில் இப்போது ஒரு கூட்ஸ் கார்டு குடும்பம் இருக்கிறது. அம்மிக்கும் ஜன்னலுக்கும் நடுவில் ஃப்ரிட்ஜ் வைத்திருக்கிறார்கள். கரண்ட் போய் ஃப்ரிட்ஜ் அடங்கும்போது நின்னது கேட்கும் என்று சொன்னார்கள்.